கீபோர்டின் டெமோ ஒலியை நம் கைக்குக் கொண்டுவருதல்: ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கும் என்னிடம், தை அறுவடை முடிந்து வீட்டில் கொஞ்சம் பணம் புழங்கும் நாட்களில், புதுக் கீபோர்டும் ஒரே மாதிரியான குறையுமாக மாணவர்கள் வந்து சேர்வார்கள். கடையில் டெமோ பொத்தானை அழுத்தியதும் இடம் நிறைய எழுந்த மணியோசையும் வயலின் கூட்டமும், வீட்டில் தாங்கள் வாசிக்கும்போது வருவதில்லை என்பதுதான் அந்தக் குறை. பாபநாசத்திலிருந்து வந்த ஒரு பையன் பெட்டியைத் திறக்கும் முன்பே, "சார், கடைல கேட்ட டோன் இதுல இல்ல சார். வேற பீஸ மாத்திக் குடுத்துட்டாங்கபோல" என்றான். டெமோவை ஓடவிட்டேன், அவன் தேடிய ஒலி அதே பெட்டியிலிருந்துதான் வந்தது. அவன் முகத்தில் நிம்மதியைவிடக் குழப்பமே அதிகமாகத் தெரிந்தது.

டெமோவாக நம் காதில் விழுவது, கைதேர்ந்த ஒருவர் நான்கைந்து டோன்களை (வாத்திய ஒலிகளை) ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எஃபெக்ட் (எதிரொலி போன்ற ஒலி ஒப்பனை) சேர்த்து, ஸ்வரத்தை வளைக்கும் வீலையும் பெடலையும் இடையறாது அசைத்து, ஒவ்வொரு கட்டையையும் எவ்வளவு அழுத்தவேண்டுமோ அவ்வளவு அழுத்தி வாசித்துச் சேமித்துவைத்த ஒரு முழு வாசிப்பு. அதற்குத் தேவையான சரக்கெல்லாம் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே நம் வேலை, ஆக்கி வைத்த கூட்டாஞ்சோற்றை ருசித்துப் பார்த்து என்னென்ன காய் போட்டார்கள் என்று பிரித்துச் சொல்லி, பிறகு அதையே நம் அடுப்பில் ஏற்றுவதைப் போன்றது.

பெட்டிக்குள் வைத்த சரக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்குப் பிடித்த ஓர் உதாரணம் உண்டு. காசியோ நிறுவனம் 1981-இல் வெளியிட்ட எம்டி-40 என்ற சிறு கீபோர்டில் ஒகுதா ஹிரோகோ என்ற பொறியாளர் 'ராக்' என்ற பெயரில் ஒரு தாளத்தை அமைத்திருந்தார். 1985-இல் ஜமைக்காவில் அந்தத் தாளத்தை அப்படியே அடித்தளமாக வைத்து ஒரு பாட்டு வந்தது. அந்நாட்டு இசையின் போக்கையே அது கணினி ஒலியின் பக்கம் திருப்பியது. ஆக, உள்ளே இருப்பதை நன்றாகக் கேட்கத் தெரிந்தாலே போதும் என்ற நம்பிக்கையோடு தொடங்கலாம்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா, கருவியின் அடிப்படைச் சுருதியான மாஸ்டர் டியூனிங் 440 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் பாட்டுக்கச்சேரிக்காக யாரோ இரண்டரைக் கட்டைக்கு ஏற்றிவைத்த டிரான்ஸ்போஸ் அப்படியே இருந்து, மாணவர் அரை நாள் தவறான சுருதியில் டெமோவைத் தேடிய கதை எனக்கு ஒன்றுக்கு மேல் தெரியும். அடுத்து டச் அமைப்பை 'நார்மல்' நிலைக்குக் கொண்டுவாருங்கள். அது அணைக்கப்பட்டிருந்தால் எப்படி அழுத்தினாலும் ஒரே வலிமையில்தான் ஒலி வரும், மேற்கொண்டு சொல்லப்போகும் எதுவும் பயன்படாது.

கட்டைகளின் நிலையையும் பார்க்கவேண்டும். கீபோர்டு கட்டையின் அடியில் உள்ள ரப்பர் தொடுமுனைகள் இரண்டும் அடுத்தடுத்துத் தொடும் கால இடைவெளியைக் கணக்கிட்டுத்தான் கருவி நம் அழுத்தத்தை அறிகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக்காற்றிலும் கார்த்திகை மழை ஈரத்திலும் அந்த முனைகளில் அழுக்குப் படிந்தால், மெதுவாகத் தொட்டாலும் சில கட்டைகள் உச்ச வலிமையில் அலறும், சில கட்டைகள் ஊமையாகிவிடும். ஒரே டோனில் ஒவ்வொரு கட்டையையும் ஒரே சீராக மெதுவாக அழுத்திப் பாருங்கள். ஒரு கட்டை மட்டும் துள்ளினால், பழுது பார்த்த பிறகே டோன் ஆராய்ச்சியில் இறங்குவது நல்லது.

கடைசியாக, கருவியின் கையேட்டோடு தனியாக வரும் டேட்டா லிஸ்டைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டோன்களின் முழுப் பட்டியலும் எஃபெக்ட் வகைகளும் அதில்தான் இருக்கும்.

டெமோவைப் பதிவுசெய்து கூறுபோடுதல்

செல்போனை ஸ்பீக்கர் முன்னே நீட்டிப் பதிவுசெய்யவேண்டாம். மின்விசிறி ஓசையும் அறையின் எதிரொலியும் சேர்ந்துவிடும். ஹெட்போன் துளையிலிருந்தோ லைன் அவுட்டிலிருந்தோ ஒரு வயர் போட்டுக் கணினியில் ஸ்டீரியோவாகப் பதியுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும்.

மிடி (வாசிப்பைத் தகவலாகக் கருவிகள் பரிமாறிக்கொள்ளும் முறை) வயரைக் கணினியில் செருகி, டெமோ ஓடும்போது ஸ்வரங்கள் வெளியே வருகின்றனவா என்று ஒருமுறை பார்ப்பதில் நஷ்டமில்லை. பல கருவிகளின் கையேடுகளே டெமோவின் தரவு மிடி வழியாக வெளியே போகாது என்று சொல்லிவிடுகின்றன. ஒருவேளை வந்தால் அது புதையல்: எந்தச் சேனலில் எந்த டோன் எண், எந்த ஸ்வரம் எவ்வளவு வலிமையில், வீல் எப்போது அசைந்தது என்பதெல்லாம் எண்களாகவே கிடைத்துவிடும். வராவிட்டால் காதுதான் கருவி.

பதிவில் முதலில் கேட்கவேண்டியவை முதல் இரண்டு ஆவர்த்தமும் கடைசி ஸ்வரமுமே. நடுவில் டிரம்ஸும் பேஸும் எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். தொடக்கத்தில் டோன்கள் ஒவ்வொன்றாக நுழையும். அப்போது ஓரிரு வினாடியாவது அவை தனியாக நிற்கும். கடைசி ஸ்வரம் அதைவிட மதிப்புள்ளது, ஏனென்றால் கட்டையிலிருந்து விரல் எடுத்த பின் ஒலி எவ்வளவு நேரம் தேய்கிறது, அதில் டோனின் சொந்த ரிலீஸ் எவ்வளவு, ரிவெர்ப் (கூடத்தின் எதிரொலி போன்ற எஃபெக்ட்) எவ்வளவு என்பதை அங்கேதான் அளக்க முடியும்.

வேகமான இடங்களில் என்ன ஸ்வரம் என்று பிடிபடாவிட்டால், ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கிக் கேளுங்கள். ஆனால் அப்படி மெதுவாக்கிய ஒலியை வைத்து டோனை எடைபோடாதீர்கள். மென்பொருள் ஒலியை இழுத்து நீட்டும்போது ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கமும் குழைந்துபோகும்; நமக்கு முக்கியமாகத் தேவைப்படும் தகவல் அந்தத் தொடக்கத்தில்தான் இருக்கிறது. ஸ்வரத்தை மெதுவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், டோனை உண்மையான வேகத்தில் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

அடுத்து இடது, வலது இரு பக்கங்களையும் தனித்தனியே கேளுங்கள். மணியோசை வலப்பக்கம் மட்டும், குரல் போன்ற ஒலி இடப்பக்கம் மட்டும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து மோனோவாக்கிக் கேட்கும்போது ஒரு டோன் திடீரென்று மெலிந்தால், அதில் கோரஸ் (ஒலியை இரட்டித்து அகலமாக்குவது) போன்ற ஸ்டீரியோ எஃபெக்ட் பலமாக இருக்கிறது என்று பொருள். ஒரு தாளில் பாகங்களை வரிசையாக எழுதி, எதிரே எந்தப் பக்கம், எந்த ஸ்தாயி, எப்போது நுழைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பாகங்களையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டியதில்லை. உங்களைக் கவர்ந்த அந்த ஒரு டோனை மட்டும் பிடித்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

டோனை அடையாளம் காணுதல்: தொடக்கமும் உடலும்

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது பியானோ ஸ்வரத்தைப் பதிவுசெய்து, அதன் முதல் பத்தில் ஒரு வினாடியை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கேளுங்கள். கேட்பது பியானோவா, ஆர்கனா, வேறேதாவதா என்று சொல்வதே கடினமாகிவிடும். காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பது பெரும்பாலும் அதன் முதல் அடியை வைத்துத்தான். வீணையின் நரம்பை மீட்டும் அந்த நகப்படுதலை நீக்கிவிட்டால் எஞ்சுவது வெறும் ரீங்காரம்.

இந்த உண்மையின் மேல் கட்டிய கருவிதான் 1987-இல் வந்த ரோலண்டு டி-50. நினைவகம் விலை உயர்ந்திருந்த அந்தக் காலத்தில் முழு வாத்திய ஒலிகளைப் பதிந்துவைக்க வழியில்லை. எனவே மணி, புல்லாங்குழல், மீட்டல் முதலியவற்றின் தொடக்கத் துணுக்கை மட்டும் உண்மையான பதிவாக வைத்து, அதன் பிறகு நீளும் உடலைச் சின்தசைசரே உருவாக்கும்படி செய்தார்கள். ஒரு பேட்ச்சில் (சேமித்துவைத்த ஒலி அமைப்பில்) மேல், கீழ் என்று இரண்டு டோன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பார்ஷியல்கள் (ஒலிக் கூறுகள்), ஆக நான்கு அடுக்குகள். ரிவெர்ப்பும் கோரஸும் உள்ளேயே இருந்தன. அதன் முதல் பேட்ச்சான 'ஃபேன்டேசியா', மணியும் மெத்தையும் ('பேட்' எனப்படும், மெல்ல எழுந்து நீளும் மென்மையான ஒலி) கலந்த அந்த ஒலி, இன்றைக்கும் கீபோர்டு டெமோக்களின் தொடக்கத்தில் வந்து நிற்கிறது. 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலின் 128 டோன்களில் 89-ஆவது இடத்தில் ரோலண்டு கருவிகள் அதே பெயரை வைத்திருக்கின்றன. மற்ற நிறுவனங்களின் கருவிகளிலும் 89-ஐ அழுத்தினால் அதன் உறவுக்கார ஒலி ஒன்று வரும்.

ஆகவே டெமோவின் டோனைத் தேடும்போது 'இது என்ன டோன்' என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல், 'தொடக்கம் எது, உடல் எது' என்று இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். தொடக்கத்தில் மணியா, மரத்தில் தட்டுவதா, மூச்சா, நரம்பு மீட்டலா? உடலில் வயலின் கூட்டமா, மனிதக் குரலா, ஆர்கனா? டேட்டா லிஸ்டில் இரண்டுக்கும் தனித்தனியே வேட்பாளர்களைக் குறித்து, ஒவ்வொன்றையும் டெமோ வாசிக்கப்பட்ட அதே ஸ்தாயியில் வாசித்துப் பாருங்கள். நடு ஸ்தாயியில் சாதாரணமாக இருக்கும் ஒரு டோன், இரண்டு ஸ்தாயி மேலே போனால் அடையாளமே தெரியாமல் மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு: மணி கலந்த மெத்தை ஒலி

டோன்களை அடுக்கும் லேயர் வசதி உள்ள எந்தக் கருவியிலும் இதைச் செய்யலாம். இரண்டு டோன்களை மட்டும் அடுக்க முடிந்தால் முதல் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள், நான்கு முடிந்தால் நான்கையும்.

முதல் அடுக்கில் உடலை வையுங்கள். 'வார்ம் பேட்' அல்லது மெதுவான ஸ்ட்ரிங்ஸ் டோன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அட்டாக்கைக் கூட்டி, ஒலி முழு அளவை எட்ட ஏறக்குறைய கால் வினாடி ஆகும்படி செய்யுங்கள். கருவிக்குக் கருவி அளவுகோல் மாறும் என்பதால் எண்ணை நம்பாமல் காதை நம்புங்கள்; ஒருவர் 40 என்று சொன்னால் உங்கள் கருவியில் அது 60 ஆக இருக்கலாம். ஒலியின் மேல்பகுதியை வெட்டும் கட்-ஆஃபைப் படிப்படியாகக் குறைத்து, ஸ்ட்ரிங்ஸின் கீச்சு மறைந்து, பஞ்சு போன்ற கனம் மட்டும் மிஞ்சும் இடத்தில் நிறுத்துங்கள். ரிலீஸ் ஒன்றரை வினாடி அளவுக்கு நீளட்டும்.

இரண்டாம் அடுக்கு மணி. ஒரு ஸ்தாயி மேலே ஏற்றுங்கள். அட்டாக் பூஜ்யம், சஸ்டெயின் (கட்டையைப் பிடித்திருக்கும்போது நிற்கும் அளவு) பூஜ்யம், டிகே (தேயும் நேரம்) ஒன்றிலிருந்து இரண்டு வினாடி. கட்டையை எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் மணி தானாகத் தேய்ந்து மறையவேண்டும், மெத்தை மட்டும் நிலைத்து நிற்கவேண்டும். பெரும்பாலோர் தவறுவது அடுத்த படியில்தான். மணியின் வெலாசிட்டி (அழுத்தும் வலிமை) உணர்வை அதிகமாக வையுங்கள், மெத்தையுடையதைக் கிட்டத்தட்ட பூஜ்யமாக்குங்கள். அப்போது மெதுவாக அழுத்தினால் மெத்தை மட்டும் எழும், அழுத்தி வாசித்தால் மணி மேலே மின்னும். டெமோ உயிரோடு இருப்பதுபோல் தோன்றும் காரணங்களில் பாதி இதுதான்.

மூன்றாம் அடுக்காக முதல் அடுக்கின் நகலையே எடுத்து, இரண்டின் சுருதியையும் எதிரெதிராகச் சிறிது விலக்குங்கள்: ஒன்று 7 சென்ட் மேலே, மற்றொன்று 7 சென்ட் கீழே. ஒரு அரைக் கட்டைக்கு 100 சென்ட் என்பதால் இது மிகச் சிறிய விலகல். ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினால் ஒலி அகலமாகும். 15 சென்ட்டைத் தாண்டினால் அபஸ்வரமாகக் கேட்கத் தொடங்கும். நான்காம் அடுக்கில் 'ஆ' என்ற குரல் டோனை, தனியாகக் கேட்டால் இருப்பதே தெரியாத அளவுக்குத் தாழ்த்தி வையுங்கள். அதை அணைத்துப் பார்க்கும்போதுதான் ஏதோ குறைவது தெரியவேண்டும்.

அடுக்க அடுக்க ஸ்வரங்கள் அறுபடுவதைக் கவனியுங்கள். 128 குரல்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒலிகள்) கொண்ட கருவியில் நான்கு அடுக்கு வைத்தால், ஒரே நேரத்தில் 32 ஸ்வரங்களுக்கே இடமுண்டு. டோன்கள் ஸ்டீரியோவாக இருந்தால் அதிலும் பாதி. பெடலை மிதித்தபடி இரு கையும் வாசித்தால் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். டி-50-இல் இரு டோன்களும் சேர்ந்த நிலையில் எட்டே ஸ்வரம்தான். அக்காலத்து வாசிப்பாளர்கள் விரல் கணக்குப் பார்த்து வாசித்தார்கள்.

எலெக்ட்ரிக் பியானோ டெமோக்களுக்கு ஒரு தனிக் குறிப்பு

கண்ணாடித் தம்ளரில் கரண்டி தட்டுவதுபோல் தொடங்கிப் பிறகு பியானோவாகக் கனியும் டோனைக் கேட்டால், அது 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இன் வாரிசு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் அது இயங்கியது: ஓர் அலை மற்றோர் அலையின் அதிர்வெண்ணை அசைக்க, புதிய மேல்ஸ்வரங்கள் பிறக்கும். டிஎக்ஸ்7-இல் ஆறு ஆபரேட்டர்கள் (அலை உருவாக்கிகள்), அவற்றை இணைக்கும் 32 அமைப்புகள் உண்டு. அதன் புகழ்பெற்ற எலெக்ட்ரிக் பியானோ 5-ஆம் அமைப்பில், இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளாக இயங்குகிறது. ஒரு ஜோடியில் அசைக்கும் ஆபரேட்டர் 14 மடங்கு அதிர்வெண்ணில் ஓடிச் சட்டென்று அடங்கும். அந்த 'டிங்' அங்கிருந்துதான் வருகிறது.

எஃப்எம் வசதியுள்ள கருவியிலோ, டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளிலோ இதைச் செய்வது எளிது. சாதாரணக் கீபோர்டில் ஜெனரல் மிடி 6-ஆவது டோன் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கும். அதன்மேல் ஒரு மெல்லிய மணியை, வெலாசிட்டி 80-ஐத் தாண்டினால் மட்டும் ஒலிக்கும்படி அடுக்கினால் ஏறக்குறைய வந்துவிடும். டிஎக்ஸ்7-இல் உள்ளமைந்த எஃபெக்ட் எதுவும் கிடையாது. நாம் பழைய பாடல்களில் கேட்டு மயங்கிய அகலமெல்லாம் வெளியே சேர்த்த கோரஸின் உபயம். கோரஸை மறந்துவிட்டு டோனைத் திட்டாதீர்கள்.

எஃபெக்ட்டுகளைக் கணக்கிட்டு வைத்தல்

டெமோவிலிருந்து எஃபெக்ட்டை நீக்கிக் கேட்க முடியாது. அதனால் ரிவெர்ப் எழுவதற்கு முந்தைய தொடக்கத்தை முதலில் பொருத்திவிட்டு, வாலைப் பின்னால் பொருத்துங்கள். கடைசி ஸ்வரத்தின் தேய்மானத்தை ஆடாசிட்டியில் அளந்தால் ரிவெர்ப் நேரம் கிடைக்கும்.

டிலேயை (ஒலி சற்றுத் தாமதித்துத் திரும்பி வரும் எஃபெக்ட்டை) காதால் தடவித் தேடுவதைவிடக் கணக்குப் போடுவது சுலபம். 60,000-ஐ டெம்போவால் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதால்) வகுத்தால் ஒரு அடியின் மில்லிசெகண்ட் வரும். டெம்போ 120 என்றால் ஒரு அடி 500, அரை அடி 250, முக்கால் அடி 375. டெமோக்களில் ஒரு சிறு மெட்டு தானே பெருகித் துள்ளுவதுபோல் கேட்டால் முதலில் 375-ஐ வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பூட்டு திறந்துவிடும். திறக்காவிட்டால் அது டிலே இல்லாமல், பிடித்த ஸ்வரங்களைத் தானே வரிசையாக வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டராக இருக்கக்கூடும். திரும்பி வரும் ஒலி ஒவ்வொரு முறையும் மங்கிக்கொண்டே போனால் டிலே, ஒரே பலத்தில் வந்தாலோ ஸ்வரமே மாறினாலோ ஆர்ப்பெஜியேட்டர்.

ஒரு டோனைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால் பிரமாதமாக இருக்கிறது, பல டோன்களை அடுக்கும் நிலைக்குக் கொண்டுபோனால் சப்பென்று ஆகிவிடுகிறது என்பது அடிக்கடி கேட்கும் புகார். பல கருவிகளில் தனி டோனுக்கென்று சொந்த எஃபெக்ட் உண்டு. அடுக்கு நிலையில் எல்லாப் பாகங்களும் சில எஃபெக்ட்டுகளையே பகிர்ந்துகொள்ள வேண்டும். எந்த டோனின் எஃபெக்ட் முழுமைக்கும் பயன்பட வேண்டும் என்பதை அடுக்கு நிலையின் எஃபெக்ட் பக்கத்தில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

கையும் வீலும்: ஷெனாய் ஏன் அழுகிறது

இந்தியச் சந்தைக்கான கீபோர்டுகளின் டெமோவில் ஷெனாய் ஒன்று தேம்பித் தேம்பி வாசிக்கும். அதே டோனை நாம் அழுத்தினால் திருவிழாக் கடையில் விற்கும் பீப்பியாகக் கேட்கும். ஜெனரல் மிடி பட்டியலில் 105-ஆவது சிதார், 112-ஆவது ஷெனாய். நாகஸ்வரத்துக்கு அதில் இடமில்லை. 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் உருவாகும் மண்ணில் இருந்துகொண்டு ஷெனாய் டோனில் நாயனம் வாசிப்பது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் அந்த டெமோவைப் பிரித்துப் பார்ப்பது, டோனுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதைக் கற்றுக்கொடுக்கும்.

முதலில் கருவியை மோனோ நிலைக்கும் (இங்கே, ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம்) லெகாட்டோவுக்கும் (ஸ்வரங்கள் அறுபடாமல் தொடர்வது) மாற்றுங்கள். ஊதுவாத்தியத்தில் இரண்டு ஸ்வரம் ஒன்றாக வராது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு நழுவும்போது தொடக்கம் மறுபடி கேட்கக்கூடாது. கலைஞர் துத்துகாரம் போடும் (நாக்கால் தட்டி ஸ்வரத்தைப் பிரிக்கும்) இடங்களில் மட்டும் விரலை எடுத்து மீண்டும் அழுத்துங்கள்.

வீல் ஸ்வரத்தை எவ்வளவு தூரம் வளைக்கும் என்ற பிட்ச் பெண்ட் எல்லையைப் பாருங்கள். வழக்கமாக அது இரண்டு அரைக்கட்டையில் இருக்கும். கரகரப்பிரியாவின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு கட்டைச் சுருதியில் அது டி-க்கு அடுத்த கறுப்புக் கட்டை. அந்தக் கட்டையை நேராக அழுத்தினால் ஸ்வரம் சரி, ராகம் இல்லை. ரிஷபத்தை அழுத்திப் பிடித்து, எல்லையை மூன்றாக்கி, வீலை மத்யமம் வரை தள்ளி மீட்டு, மறுபடி தள்ளி மீட்டால் காந்தாரம் அந்த அசைவுக்குள் பிறக்கும். எல்லையை 12 என்று வைத்தவர்களுக்கு இது வராது. வீலை இம்மி அசைத்தாலே ஸ்வரம் ஓடிவிடும்.

மூச்சு என்பது மிடி மொழியில் எக்ஸ்பிரஷன், அதன் எண் 11. காலில் மிதிக்கும் எக்ஸ்பிரஷன் பெடல் இருந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தாழ்ந்து தொடங்கி, நடுவில் உயர்த்தி, முடிவில் அடக்குங்கள். பெடல் இல்லாவிட்டால் வால்யூம் நாபைக் கையால் திருப்பினாலும் ஓரளவு வரும். மாடுலேஷன் வீலின் அதிர்வை நீண்ட ஸ்வரத்தின் பின்பாதியில் மட்டும் சேருங்கள். டெமோவின் அதிர்வு வேகத்தை அறிய இரண்டு வினாடியில் எத்தனை அலை என்று எண்ணுங்கள். 11 வந்தால் வினாடிக்கு ஐந்தரை, அந்த அதிர்வை உண்டாக்கும் எல்எஃப்ஓவின் வேகத்தை அதற்குத் தக்கபடி அமையுங்கள். கீழே ஸ-ப சேர்ந்த ஒத்து ஒன்றை ஸ்பிளிட்டில் (கட்டைகளை இரண்டாகப் பிரித்த இடப்பகுதியில்) வைத்தால் முழுமை கூடும். இத்தனையும் செய்த பிறகும், அருகில் உண்மையான நாயனக்காரர் உட்கார்ந்திருக்கும் மேடையில் இதை வாசிக்காமலிருப்பது மரியாதை.

ஒப்பிட்டுப் பார்த்தல்

உங்கள் வடிவத்தையும் அதே வயரில் பதிவுசெய்து, டெமோவின் அதே பகுதியோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேட்கும் முன் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குவது மிக அவசியம், ஏனெனில் சத்தமாக ஒலிப்பதே நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். ஒன்றைத் தலைகீழாக்கி மற்றதோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து மௌனம் வரவேண்டும் என்று சில மாணவர்கள் முயல்வார்கள். கோரஸும் எல்எஃப்ஓவும் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தொடங்குவதால், கருவியே தன் டெமோவை இரண்டு முறை வாசித்தாலும் அப்படி அழியாது. அதற்காக மனம் தளரவேண்டாம்.

வேறுபாடு தெரிந்தால் இந்த வரிசையில் தேடுங்கள்: ஸ்தாயி, வெலாசிட்டி, கட்-ஆஃப், எஃபெக்ட் அளவு, கடைசியாக டோன். பெரும்பாலோர் கடைசியிலிருந்து தொடங்கி, டோனை மாற்றி மாற்றியே நாளை ஓட்டிவிடுவார்கள்.

பந்தலில் வாசிக்கும்போது

ஹெட்போனில் பொருந்திய ஒலி திருவிழாப் பந்தலில் பொருந்தாது. ஊர்களில் ஒலிபெருக்கி அமைப்பு பெரும்பாலும் மோனோவாகத்தான் கட்டப்பட்டிருக்கும். கருவியின் இடது துளையில் மோனோ என்று எழுதியிருந்தால் அதில் மட்டும் வயரைச் செருகுங்கள். கருவி இரு பக்கத்தையும் தானே சேர்த்துக் கொடுக்கும். அகலத்துக்காகச் சேர்த்த கோரஸைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் மெத்தை ஒலி உள்வாங்கிப்போகும். குழாய் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி எடுபடாது, ஆகவே அங்கே மணியையும் குரலையும் சற்றுத் தூக்கவேண்டும். பந்தலே போதிய எதிரொலி தரும் என்பதால் ரிவெர்ப்பையும் குறைக்கலாம். இப்படி ஒரே டோனுக்கு வீட்டு வடிவம், பந்தல் வடிவம் என்று இரண்டை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

சேமித்தல்

பல ஆண்டுகளுக்கு முன் வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பங்குனித் திருவிழாக் கச்சேரி. பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து ஐந்து டோன்களை டெமோவுக்கு ஒப்பாகச் செதுக்கி வைத்திருந்தேன். கச்சேரி தொடங்கக் கால் மணி இருக்கும்போது மின்சாரம் போய், ஜெனரேட்டருக்கு மாற்றினார்கள். கீபோர்டு மறுபடி விழித்தபோது ஐந்தும் இல்லை. தொழிற்சாலை டோன்கள் என்னைப் பார்த்துச் சிரித்தன. மாற்றங்களைச் செய்தேனே தவிர 'ரைட்' பொத்தானை அழுத்தவில்லை. கருவியில் நாம் செய்யும் திருத்தம், யூசர் இடத்தில் எழுதும்வரை தற்காலிக நினைவில்தான் இருக்கிறது, வேறு டோனுக்கு மாறினாலே போய்விடும்.

ஆகவே ஒவ்வொரு பெரிய மாற்றத்துக்குப் பிறகும் எழுதுங்கள். பழையதன் மேலேயே எழுதாமல் அடுத்த எண்ணில் எழுதினால் பின்னால் திரும்பிப் பார்க்க முடியும். பெயரில் பயனுள்ள தகவலை வையுங்கள்: நான் 'மணி-பந்தல்-2' என்பதுபோல் ஆங்கில எழுத்தில் சுருக்கி வைப்பேன், ஏனெனில் மேடையில் சிறு திரையைப் பார்க்க ஒரு வினாடிதான் கிடைக்கும். வாரம் ஒருமுறை யூஎஸ்பி பென் டிரைவிலும் ஒரு நகல் எடுங்கள். தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் 'ஃபேக்டரி ரீசெட்' உங்கள் யூசர் டோன்கள் அனைத்தையும் அழித்துவிடும் என்பதால், பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பாபநாசத்துப் பையன் இப்போது தன் பென் டிரைவைக் கீபோர்டு உறையின் ஜிப்பிலேயே கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறான்.